தனியாக ஒரு வார இறுதி, ஆம்ஸ்டர்டாமில்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கிறீர்கள், அல்லது அலுவலக வேலையாக வந்த இடத்தில் ஒரு சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. கூட வர ஆள் இல்லை. மியூசியம் பார்க்க ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் ஆம்ஸ்டர்டாம். பெரிய மியூசியங்கள் ஒரே மைதானத்தைச் சுற்றி இருக்கின்றன, ஊரின் பாதியை நடந்தே கடந்துவிடலாம், ஆங்கிலம் தெரிந்தால் போதும். ஒரே ஒரு சிக்கல்: திட்டமில்லாமல் போனால் இந்த ஊர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

முதலில் டிக்கெட், அப்புறம்தான் ரயில்

வழக்கமாக ரயிலையோ விமானத்தையோ பதிவு செய்வோம், பிறகு அறை எடுப்போம், எதைப் பார்ப்பது என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு யோசிப்போம். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

மிகவும் கடினமானது ஆன் ஃபிராங்க் இல்லம், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமியின் மறைவிடம். டிக்கெட் அவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும்தான் கிடைக்கும், வாசலில் விற்பதில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நெதர்லாந்து நேரப்படி காலை 10 மணிக்கு, ஆறு வாரம் தள்ளி வரும் வாரத்துக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள். சென்னையில் இருந்தபடி முயல்கிறவர்களுக்கு அது கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. வார இறுதி நேரங்கள் சீக்கிரம் தீரும். பத்து மணிக்குச் சில நிமிடம் முன்பே உள்ளே போய் வரிசையில் நில்லுங்கள், வங்கி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போவதன் முதல் லாபம் இங்கேயே கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் இடம் தேடுவது பெரும்பாடு, ஒற்றை இடம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியார் தளங்களில் 'ஆன் ஃபிராங்க் நடைப்பயணம்' என்று விற்பார்கள். அவற்றில் பெரும்பாலும் வீட்டுக்கு உள்ளே போக டிக்கெட் இருக்காது. வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.

அடுத்தது, ஓவியர் வான்கோவின் படங்கள் இருக்கும் வான்கோ மியூசியம். இதற்கும் இணையத்தில் நேரம் குறித்து வாங்கினால்தான் நுழைவு. நாட்டின் தேசிய மியூசியமான ரைக்ஸ்மியூசியத்துக்கும் நுழையும் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அது பெரிய இடம் என்பதால் டிக்கெட் கிடைப்பது எளிது. இந்த இரண்டும் ஏறக்குறைய 25 யூரோ வீதம், ஆன் ஃபிராங்க் இல்லம் அதைவிடக் குறைவு. மூன்றுக்கும் சேர்த்து 70 யூரோவை ஒட்டி வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு ஐ ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். வான்கோ மியூசியமும் ஆன் ஃபிராங்க் இல்லமும் அதில் சேராது. இரண்டே நாள் போகிறவருக்கு அது லாபமாக வருவது சந்தேகம்தான். நெதர்லாந்திலேயே வசிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான மியூசியங்களுக்குச் செல்லுபடியாகும் மியூசியம்கார்ட் வாங்கிவிடுங்கள், சில தடவையிலேயே போட்ட காசு வந்துவிடும்.

இந்த மூன்று நேரமும் உறுதியான பிறகே ரயில், அறை. ஏப்ரல் 27, மன்னர் தினம், ஒட்டி வரும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஊரே ஆரஞ்சு நிறத்தில் தெருவுக்கு வந்துவிடும். அது தனிக் கொண்டாட்டம், மியூசியம் பார்க்கிற நாள் அல்ல.

விசாவும் காகிதங்களும்

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய) நாட்டின் வசிப்பிட அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட், வசிப்பிட அட்டை இரண்டின் அசலும் கையில் இருக்க வேண்டும். ரயிலில் எல்லை தாண்டும்போது யாரும் கேட்காமல் போகலாம், கேட்டால் கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. பிரிட்டனில் இருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பிரிட்டன் விசா இங்கே உதவாது, ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஒரு வார இறுதிக்காக இவ்வளவு பாடு பெரிதுதான். அதனால் வேறு ஐரோப்பியப் பயணத்தோடு இதை ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

போய்ச் சேர்வது

பிரஸ்ஸல்ஸிலிருந்து வேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பாரிஸிலிருந்து மூன்றரை மணிக்குள். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்தத் தூரத்துக்கு விமானத்தைவிட ரயில் மேல், ஊரின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை ரயிலைப் பிடியுங்கள். சனிக்கிழமை காலை வந்து இறங்கினால் நல்ல நேரமெல்லாம் வழியிலேயே போய்விடும்.

விமானத்தில் வந்தால் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஊரின் மைய ரயில் நிலையமான ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலுக்குக் கால் மணி நேரம். மியூசியங்கள் சூழ்ந்த அந்த மைதானம், மியூசியம்ப்ளைன், பக்கம் அறை எடுத்திருந்தால் 397 எண் பேருந்து நேராக அங்கேயே விடும்.

நெதர்லாந்துக்குள் ஓடும் ரயில், மெட்ரோ, ட்ராம், பேருந்து எதற்கும் தனி டிக்கெட் வாங்க வேண்டாம். தொடாமல் பணம் கட்டும் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கருவியில் காட்டினால் போதும். ஏறும்போது கைப்பேசி, இறங்கும்போது அட்டை என்று மாற்றிக் காட்டினால் இரண்டு அரைப் பயணமாகக் கணக்காகி வீண் செலவு. ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் கைப்பேசி வேறு, அட்டை வேறுதான். ட்ராமில் இறங்குகிற அவசரத்தில் காட்டாமல் போகிறவர்கள் நிறைய. கதவருகே பீப் சத்தம் கேட்டதா என்று பாருங்கள்.

எங்கே தங்குவது

இந்தப் பயணத்தில் பெரிய செலவு அறைதான். அறை வாடகையோடு 12.5 சதவீதம் சுற்றுலா வரியும் சேரும். பல தளங்கள் அதைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டும். பழைய கால்வாய் வீடுகளில் உள்ள மலிவான விடுதிகளில் லிஃப்ட் இருக்காது, படிகள் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடி ஏறத் தயாரா என்று யோசித்துப் பதிவு செய்யுங்கள்.

என் தேர்வு பக்கத்து ஊரான ஹார்லெம். ரயிலில் கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், இரவு வெகுநேரம் வரை வண்டி உண்டு. ஊர் அமைதி, அழகு. 1784இல் திறந்த டெய்லர்ஸ் மியூசியம் அங்கே இருக்கிறது. நெதர்லாந்தின் மிகப் பழைய மியூசியம் அதுதான். ஆம்ஸ்டர்டாமுக்குள்ளேயே வேண்டுமென்றால் வோண்டல் பூங்கா பக்கம், டி பைப் பகுதி, அல்லது படகில் தாண்டிப் போகும் வடக்குப் பகுதி பாருங்கள். சென்ட்ராலை ஒட்டிய சிவப்பு விளக்குப் பகுதி வேண்டாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வெள்ளி, சனி இரவு குடித்துவிட்டுக் கத்தும் கூட்டத்தில் தூக்கம் வராது. பொது விடுதி எடுக்கும் பெண்கள், பெண்களுக்கான தனி அறை இருக்கிறதா என்று வடிகட்டித் தேடலாம். பெட்டகத்துக்குப் பூட்டு கொண்டு போங்கள்.

சனிக்கிழமை: ரைக்ஸ்மியூசியம்

வருடம் முழுக்க, எந்த விடுமுறையும் இல்லாமல், காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கிறது. ஒன்பது மணிக்கே நேரம் வாங்குங்கள். பெரிய பையை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியெல்லாம் உள்ளே அனுமதியில்லை, சின்னப் பையையும் கோட்டையும் வைக்க இடம் உண்டு. அவர்களுடைய செயலியில் ஒலி வழிகாட்டி இலவசம், காதுக்கருவியை மறக்காதீர்கள்.

இங்கே 80 கூடங்கள், 8,000 பொருட்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பதினொரு மணிக்கே கால் கெஞ்சும், கண் எதையும் பார்க்காது. குடும்பத்தோடு வந்தால் ஆளுக்கொரு விருப்பம் என்று இழுபடுவோம். தனியாக வந்தவர் ஐந்தாறு பொருட்களோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரம் உட்காரலாம், யாரும் 'போகலாமா' என்று கேட்க மாட்டார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

நுழைந்ததும் நேராக இரண்டாம் மாடி, கௌரவக் கூடம். எல்லாரும் கோடியில் தொங்கும் 'இரவுக் காவல்' ஓவியத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் முதலில் டச்சு ஓவியர் வெர்மீரின் படங்கள் பக்கம் ஒதுங்குங்கள். 'பால் ஊற்றும் பெண்' அரை மீட்டர்கூட இல்லாத சின்னப் படம். முன்னால் பத்துப் பேர் நின்றால் ஒன்றும் தெரியாது. ஒன்பதேகால் மணிக்கு உங்களோடு இரண்டு பேர்தான் இருப்பார்கள். ரொட்டியின் மேல் அவர் வைத்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெர்மீர் என்றதும் முத்துத் தோட்டுப் பெண்ணைத் தேடுகிறவர்களுக்கு: அவள் இங்கே இல்லை, ஹேக் நகரத்தில் மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியத்தில் இருக்கிறாள்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்' மிகப் பெரியது, ஏறக்குறைய 3.8 மீட்டருக்கு 4.5 மீட்டர். கூட்டத்துக்குப் பின்னால் நின்றாலும் தெரியும், அவசரமில்லை. 1715இல் இதை நகர மண்டபத்துக்குக் கொண்டு போனபோது சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. 2019 முதல் இதைக் கண்ணாடி அறைக்குள் வைத்தே ஆராய்ந்தும் பழுதுபார்த்தும் வருகிறார்கள். நீங்கள் போகும் நேரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தால் அதுவே ஒரு காட்சி.

அப்புறம் ஒரு காபி. பிறகு கீழே இறங்கி ஆசிய மண்டபம் எங்கே என்று கேளுங்கள். தண்ணீர் சூழ்ந்த தனிக் கட்டடம். பெரும்பாலோர் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் எப்போதும் அமைதி. அங்கே நிற்கிறார் நடராசர். தமிழ்நாட்டில் சோழர் காலத்தில், 12ஆம் நூற்றாண்டை ஒட்டி வார்த்த செப்புத் திருமேனி. ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ எடை. 1935இல் ஆசியக் கலை ஆர்வலர் சங்கம் ஒன்று வாங்கி மியூசியத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. உள்ளே பொள்ளலா கனமா என்று பார்க்க, ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கூடத்துக்கு லாரியோடு கொண்டு போனார்கள். முழுக்கக் கனவார்ப்பு, சுற்றியுள்ள திருவாசி உட்பட.

கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் மறைத்துத்தான் பார்த்திருப்போம். இங்கே அபிஷேகமும் இல்லை, அலங்காரமும் இல்லை. முதுகுப் பக்கம் போய், விரிந்த சடையை வார்த்திருக்கும் விதத்தைப் பார்க்கலாம். இவர் இங்கே இருக்கலாமா என்ற கேள்வி வரும். வரட்டும். டச்சு வணிகக் கம்பெனி 1602இல் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, நம் கரைத் துணி கப்பல் கப்பலாக ஆசியாவெங்கும் ஐரோப்பாவுக்கும் போனது. மேலே பார்த்த தங்கச் சட்டகங்களின் பணத்தில் அதற்கும் பங்கு உண்டு. மேல் மாடியையும் இந்த மண்டபத்தையும் ஒரே காலையில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். போதும்.

சாப்பாடும் தெருவும்

மியூசியத்திலிருந்து பத்து நிமிட நடையில் டி பைப். அங்கே ஆல்பர்ட் கைப் தெருச் சந்தை ஞாயிறு தவிர எல்லா நாளும் உண்டு. சூடாக ஸ்ட்ரூப்வாஃபல் (நடுவில் பாகு தடவிய மெல்லிய வாஃபல்) வாங்கிச் சாப்பிடுங்கள். வயிற்றுக்குச் சரியான சாப்பாடு வேண்டுமென்றால், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சூரினாம் நாட்டுக் கடைகளைத் தேடுங்கள். 1873 முதல் இந்தியாவிலிருந்து சூரினாமுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டவர்களின் வழி வந்த சமையல் இது. பெரிய ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய். கோழி வேண்டாம் என்றால் காய்கறி மட்டும் வைத்துத் தருவார்கள். ஆம்ஸ்டர்டாம் விலைக்கு இது மலிவு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதும் இங்கே சாதாரணம். இரவுக்கு இந்தோனேசிய உணவகம் நல்லது. ஆனால் பல கிண்ணங்களாக வரும் ரைஸ்டாஃபலைப் பல இடங்களில் இரண்டு பேருக்குத்தான் தருவார்கள், தனி ஆளுக்கு நாசி கோரெங் (வறுத்த சோறு) தட்டு போதும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான்.

காபி குடிக்க 'கஃபே' என்று போட்ட கடைக்குப் போங்கள். 'காபிஷாப்' என்ற பலகை இருந்தால் அது கஞ்சா விற்கும் இடம்.

திருடனைவிட இந்த ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது சைக்கிள். செந்நிறப் பாதை அவர்களுடையது. படம் எடுக்க அதில் ஒரு கால் வைத்தாலும் மணி அடித்துத் திட்டிவிட்டுத்தான் போவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம். ரைக்ஸ்மியூசியத்துக்கு அடியிலேயே ஒரு சைக்கிள் பாதை ஊடுருவிப் போகிறது, வெளியே வரும்போதே இரண்டு பக்கமும் பாருங்கள். கூட்ட ட்ராமில் கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள். காற்றில் குடை மடங்கிப்போகும், தொப்பி வைத்த மழைச் சட்டை கொண்டு போங்கள். சிவப்பு விளக்குப் பகுதியில் நடந்தால் ஜன்னல் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. அவசரத்துக்கு 112.

சனி மாலை: ஆன் ஃபிராங்க் இல்லம்

பல நாட்களில் இரவு 10 வரை திறந்திருக்கிறது, அதனால் மாலை நேரம் வாங்குங்கள். ரைக்ஸ்மியூசியம் முடித்த கையோடு வேண்டாம், இடையில் கால்வாய் ஓரமாக நடந்து ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை ஆனின் குடும்பம் உட்பட எட்டுப் பேர் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த பின்கட்டு. சாமான்கள் இல்லாத வெற்று அறைகள். படம் எடுக்கக் கூடாது. படிகள் செங்குத்து, ஏ4 தாளைவிடப் பெரிய பைக்கு அனுமதியில்லை. சுமார் ஒரு மணி நேரம். முடிந்ததும் வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்கு போன் செய்யுங்கள்.

ஞாயிறு: வான்கோ, பிறகு ஒரு சின்ன இடம்

காலை முதல் நேரத்தில் வான்கோ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'நட்சத்திர இரவு' இங்கே இல்லை, நியூயார்க்கில் இருக்கிறது. 200க்கு மேற்பட்ட ஓவியங்கள் இங்கே உண்டு, கால வரிசையில் பார்ப்பதுதான் சுகம். 1885இன் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' மண் நிறத்தில் இருட்டாக இருக்கும். மூன்று நான்கு ஆண்டுக்குள் அதே கை சூரியகாந்தியின் மஞ்சளுக்குப் போய்விடுகிறது. 1890 தொடக்கத்தில் தம்பி தியோவுக்குப் பிள்ளை பிறந்தபோது வரைந்து அனுப்பியது 'பூத்த வாதுமை'. அந்த ஆண்டு ஜூலையில் 37 வயதில் இவர் இறந்தார், ஆறு மாதத்தில் தம்பியும் போனார். தம்பி மனைவி யோ கைக்குழந்தையோடு இந்தப் படங்களையும் கடிதங்களையும் காத்து உலகுக்குக் காட்டினார். பெரியப்பாவின் பெயர் வைக்கப்பட்ட அந்தக் குழந்தை பெரியவராகி எடுத்த முயற்சியில்தான் 1973இல் இந்த மியூசியம் திறந்தது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பக்கத்தில் இருக்கும் ஸ்டெடலைக் நவீனக் கலைக்கு நல்ல இடம். ஆனால் வான்கோவுக்குப் பிறகு உடனே இன்னொரு பெரிய மியூசியம் தாங்காது. மதியத்துக்கு நான் சொல்வது சென்ட்ராலுக்கு அருகே 'மாடத்தில் நம் ஆண்டவர்' என்ற சின்ன மியூசியம். 1578க்குப் பிறகு கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாத காலத்தில், ஒரு வணிகர் தன் கால்வாய் வீட்டின் மேல் மாடிகளுக்குள் முழு மாதாகோயிலையே ஒளித்துக் கட்டினார். 1663இல் முடிந்தது. குறுகிய படியில் ஏறிக் கதவைத் திறந்தால் பீடமும் ஆர்கனும் இருக்கும். முன்பதிவுத் தொல்லை குறைவு. ரெம்பிராண்ட் 1639 முதல் குடியிருந்து கடனில் இழந்த வீடும் நடக்கும் தூரம்தான், ஆனால் இரண்டில் ஒன்று போதும்.

மீதி நேரம் இருந்தால் சென்ட்ரால் நிலையத்தின் பின்வாசலுக்குப் போங்கள். 'ஐ' என்னும் நீர்ப்பரப்பைத் தாண்டும் படகு இலவசம், இரவும் பகலும் ஓடும். அக்கரையில் திரைப்பட மியூசியத்தின் கஃபே ஜன்னலோரம் உட்கார்ந்து நீரைப் பார்க்கலாம்.

பெட்டியைக் காலையிலேயே சென்ட்ரால் லாக்கரில் போட்டிருந்தால் திரும்பி விடுதிக்கு ஓட வேண்டியதில்லை. லாக்கர்கள் ஞாயிறு மதியத்துக்குள் நிரம்பிவிடும், ஒன்பது மணிக்கு முன் போடுங்கள். லண்டன் ரயில் என்றால் பாஸ்போர்ட் சோதனை இங்கேயே நடக்கும், சாதாரண ரயில் மாதிரி கடைசி நிமிடத்தில் ஏற முடியாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள்.